நாலாவது பித்தான்

திங்கட்கிழமை முதல் நம் ஸ்டூடியோவின் டார்க் ரூம் சாவி உங்கள் இருவரிடமும் இருக்கும். என் விரல்களை நீங்கள் ஓரக்கண்ணால் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். கேட்கத்தான் கூச்சப்படுகிறீர்கள். பிலிம் கழுவும் டெவலப்பரில் மெட்டால் என்று ஒரு மருந்து உண்டு. அது சிலருடைய தோலுக்கு ஆகாது. எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது, அப்புறம் ஆகாமல் போய்விட்டது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோற்றைப் பிசைந்தால் எரிகிறது. இனியும் மருந்தில் கை வைத்தால் கை மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “முப்பத்தோரு வயசுல ரிட்டயர்டு ஆன ஒரே ஆளு நீதான்ரா” என்று முதலாளி சிரிக்கிறார். சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைக்கிறார். உங்களுக்கு ரப்பர் கையுறை வாங்கி வைத்திருக்கிறேன். வெயிலில் புழுங்கும், ஆனாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, பிலிமைக் கையில் எடுத்ததும் அடிவயிற்றில் ஒரு பயம் வரும். அதைப் பற்றிச் சுவரில் எதுவும் இல்லை. அந்தப் பயத்தால் ஒருமுறை நான் செய்த காரியத்தை உங்களிடம் சொல்லாமல் சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சோழபுரத்தில் கரும்பு வெட்டப் போவார். பிளஸ் டூ முடித்ததும் இங்கே என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், மருந்து டப்பாவில் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன் என்பதுதான். அச்சில் இருந்தால் அது சத்தியம் என்று நம்புகிறவன் அப்போது. படித்தவர்கள் இருக்கும் வீடாக இருந்தால் யாராவது ஒருவர் மறுத்துச் சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் நான் படித்துச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

சேர்ந்த முதல் சித்திரையில், டப்பாவோடு வந்த தாளில் எட்டு நிமிடம் என்று போட்டிருந்ததால் எட்டு நிமிடம் கழுவினேன். அந்தத் தாள் குளிர்ந்த தண்ணீருக்கு எழுதியது. நம் ராஜபாளையத்துக் குழாயில் சித்திரை மாதம் வருவது வெந்நீர். பிலிமை எடுத்து அலசினேன். அதன் மேல்தோல் பால் ஏடு மாதிரி சுருங்கி, நழுவி, தட்டுக்குள் விழுந்தது. ஒரு வாத்தியாரின் பிரிவுபசார குரூப் போட்டோ அது. முப்பது பேரும் தண்ணீரில் மிதந்தார்கள். முதலாளி அடிக்கவில்லை. “இத எழுதினவன் மே மாசம் ஒரு நாளாவது நம்மூர்ல இருந்துருப்பானாரா?” என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்குத்தான் மண்பானையும் ஐஸ் கட்டியும் டார்க் ரூமுக்குள் வந்தன. பயமும் அன்றைக்குத்தான் உள்ளே வந்தது. தாளை நம்பிக் கெட்டவன் ஆகையால் அதற்குப் பிறகு எதையும் நம்பவில்லை. என் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி என்று ஆகிவிட்டது. மூலையில் தொங்கும் கரும்பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். பிலிம் பாதி கழுவியான பிறகு அதைப் போட்டு ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். “தும்முற நேரந்தான். தும்மி முடிக்கையில வெளக்கு அணைஞ்சிருக்கணும்” என்பது முதலாளி கணக்கு. அதற்கு மேல் எரிந்தால் பிலிம் முழுக்கச் சாம்பல் பூத்துவிடும், படம் அதற்குள் புதைந்துபோகும். நான் ஒரு தும்மலுக்குப் பதில் இரண்டு தும்மல் பார்ப்பேன். சில நாள் மூன்று. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அது ஒரு பழக்கமாகிவிட்டது.

நான் சேர்ந்து நான்காவது வருடம், மறுபடியும் ஒரு மே மாதம். சோழபுரத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்துக் கிணற்றில் ஒரு ஆண் பிணம் மிதந்தது. யார் என்று தெரியவில்லை. இந்த மாதிரிப் படங்களைப் போலீசுக்கு எடுத்துக் கொடுப்பதும் அப்போது நம் ஸ்டூடியோதான். முதலாளி போய் நான்கு பிரேம் எடுத்து வந்தார்.

பிணம் எடுத்த ரோலில் நல்ல காரியம் எடுக்கக் கூடாது என்பது நம் தொழிலில் எழுதாத சட்டம். மீதி பிரேம் வீணானாலும் ரோலை மாற்றிவிட வேண்டும். முதலாளி அன்று அதை மீறினார். மறுநாள் காலை ஒரு வீட்டில் பரிசம். மதுரையிலிருந்து வர வேண்டிய பிலிம் பார்சல் வரவில்லை, கையில் வேறு ரோல் கிடையாது. அதே ரோலின் மீதி எட்டு பிரேமில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எடுத்துவிட்டார். என்னிடம் கொடுக்கும்போது அவர் குரல் தணிந்தது.

“வெளிய மூச்சு விட்டுராத. பொண்ணு வீட்டுக்காரவுக காதுல விழுந்தா அந்தக் கல்யாணமே நின்னாலும் நிக்கும்ரா. நாம ஸ்டூடியோவ மூட வேண்டியதுதான்.”

“கெணத்துப் படத்துக்கு பிளாஷ் அடிச்சீகளா, முதலாளி?”

“அங்கதான் இருக்கு வெவகாரம். பிளாஷ் அடிக்கல. பொழுது அடையுற நேரம், புளியமரத்து நிழலு வேற. குத்துமதிப்பா எடுத்தேன். அது வந்தா வருது. பரிசம் போயிரக் கூடாது.”

ஆகவே ஒரே ரோலில் இரண்டு வேலை. பரிசத்துக்கு வழக்கமான நேரம் போதும். கிணற்றுப் படத்துக்கு அதைப் போல் இரண்டு மடங்கு வேண்டும். இருட்டில் தடவிப் பார்த்து, சரியான இடத்தில் வெட்டிப் பிரித்துத் தனித்தனியாகக் கழுவ வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு நாள் தள்ளினேன்.

மூன்றாம் நாள் மதியம் முதலாளி ஒரு மில் விழாவுக்குப் போயிருந்தார். கடையில் நானும் பாத்துமா அக்காவும். பாத்துமா அக்காவை உங்களுக்குத் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து நெகட்டிவ் மேல் பென்சிலால் அம்மைத் தழும்பு மறைப்பதும், மாப்பிள்ளைகளுக்கு முகம் தேற்றுவதும் அவர் வேலை. நெகட்டிவைப் பார்த்தே ஆள் குணம் சொல்லுவார், நாக்கும் பென்சில் மாதிரியே கூர்மை. ஏட்டையா ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பின்னால் முப்பது வயது இருக்கும் ஒரு பெண்.

“ஏலே தம்பி, கெணத்துப் பாடி படம் ஆச்சா? இந்தம்மா ஸ்ரீவில்லிபுத்தூர். புருசன் கொத்தனாராம், பத்து நாளா ஆளக் காணோம்ங்குது. பாடிய அடக்கம் பண்ணியாச்சு. வெயில்ல வச்சிருக்க முடியல. இனி உன் படந்தான்.”

“காப்பிப் பொடி கலர் சட்டைன்னு சொன்னாக தம்பி” என்றார் அந்தப் பெண். “அவிய போட்டுட்டுப் போனதும் அதே கலருதான். அதான் வந்தேன்.”

“தண்ணில கெடந்த சட்டைக்குக் கலர் ஏதும்மா? காப்பியா, களிமண்ணான்னு யாரு கண்டா? அதோட சேத்துத்தான் பொதைச்சாச்சு.”

“இன்னும் கழுவல ஏட்டையா. ஒரு மணி நேரம் ஆகும்.”

“எம்புட்டு நேரமானாலும் இருக்கேன்” என்று அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்தார். தலையில் காலையில் வைத்த பூ வாடியிருந்தது. அதைப் பார்க்காமலே நான் உள்ளே போயிருக்கலாம். படம் வராவிட்டால் இவர் எதுவும் தெரியாமல் வீட்டுக்குப் போவார். வந்தால், ஒருவேளை, அந்தப் பூவை நான்தான் எடுக்கிறேன். இரண்டில் எது நடக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கதவைச் சாத்தினேன். ரோலில் டேப் ஒட்டிய முனைதான் ஆரம்பம், பிணம் அந்தப் பக்கம். அங்கிருந்து ஒரு சாணும் நாலு விரலும் அளந்து கத்தரியை வைத்தேன். அளந்ததையே மூன்று தடவை அளந்தேன். கத்தரி மூடும்போது கண்ணையும் மூடிக்கொண்டேன். கும்மிருட்டில் கண்ணை மூடுகிறவனை என்ன சொல்வது? பரிசத்தின் துண்டைத் தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டு, கிணற்றுத் துண்டை இரண்டு முனையிலும் பிடித்து, பானைத் தண்ணீரில் குளிர்ந்த டெவலப்பரில் ஏற்றி இறக்க ஆரம்பித்தேன்.

பாதி நேரம் ஆனதும் பச்சை விளக்கைப் போட்டேன். ஒன்றும் இல்லை. வெறும் பிலிம். அணைத்தேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும். ஒன்றும் இல்லை. குத்துமதிப்பாக எடுத்த படம், நேரம் பிடிக்கும் என்பது புத்திக்குத் தெரியும். ஆனால் வயிற்றுக்குத் தெரியவில்லை. வரவே வராதோ என்று தோன்றிவிட்டது. மூன்றாவது தடவை போட்டேன். ஏதோ நிழல் மாதிரி தெரிந்தது. குனிந்து பார்த்தேன். அது சட்டையா, கரையா, என் கண்ணா?

அந்த நேரம் கதவுக்கு வெளியே அந்தப் பெண்ணின் குரல். “தம்பி, வந்துருச்சா?”

திரும்பி, “செத்த நேரங்க்கா” என்றேன். அவர் இன்னும் ஏதோ கேட்டார். ஏட்டையா அவரைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டே நின்றேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தும்மல் கணக்கில் எத்தனை தும்மல் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பிப் பார்த்தபோது பிலிம் என் கண்ணெதிரே, ஈரத் தரையில் சிமென்ட் தூவியது போல, மெல்ல மெல்லச் சாம்பல் ஆகிக்கொண்டிருந்தது.

அணைத்தேன். படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவில் முக்கினேன். அதன் பிறகு வெள்ளை விளக்கில் பார்த்தால், மூன்று பிரேம் சாம்பல். ஒரு முனையில் மட்டும் என் இடது கையின் நிழல் விழுந்திருக்கிறது. அந்த நிழலுக்குள் ஒரு முகம் தப்பியிருந்தது. பிரிண்ட் போட்டபோது சுற்றிலும் புகை, நடுவில் என் உள்ளங்கை வடிவத்தில் ஒரு தெளிவு, அதற்குள் கிணற்றிலிருந்து எடுத்தவரின் முகம். அதை ஈரத்தோடு தட்டில் வைத்து வெளியே கொண்டுபோனேன். எதுவும் நடக்காதது போல நடந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

அந்தப் பெண் தட்டைக் கையில் வாங்கவில்லை. பெஞ்சில் வைக்கச் சொல்லி, கைகளைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“மூக்கப் பாத்தா அவிய மூக்கு மாதிரி இருக்கு. மொகம் வேற யாரோ மாதிரி இருக்கு.”

“ஊறிப்போன மொகம்மா. அப்படித்தான் இருக்கும்” என்றார் ஏட்டையா.

“இல்ல… இல்ல போலத்தான் இருக்கு.”

“இல்லைன்னு எழுதிக்கவா, ஆமான்னு எழுதிக்கவா? ‘போல’ன்னு எழுத பாரத்துல எடம் கெடையாதும்மா.”

அவர் என்னைப் பார்த்தார். “தம்பி, வேற படம் இருக்கா? சட்டை தெரியுற மாதிரி?”

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலுக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். “இல்லக்கா” என்றேன். “ஒண்ணுதான் எடுத்தது.”

ஏன் சொன்னேன்? கெட்டுப்போனது என்றால் ஏட்டையா கத்துவார். நெகட்டிவைக் காட்டு என்பார். வெட்டிய முனையைப் பார்த்தால் மீதி எங்கே என்பார். பரிசம் வெளியே வரும். என் வேலை போகும். பிள்ளை நிழலில் உட்கார்ந்து உத்தியோகம் பார்க்கிறான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். இத்தனையும் ஒரு மூச்சு இழுக்கும் நேரத்தில் மனசில் ஓடியது. பயந்தவன் புத்தி எவ்வளவு வேகமாக ஓடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எல்லாம் தன்னைச் சுற்றித்தான் ஓடும்.

“சரி, இல்லைன்னே எழுதிக்கிடுதேன்” என்று ஏட்டையா எழுந்தார். அந்தப் பெண் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாத்துமா அக்கா பென்சிலைக் கீழே வைத்தார்.

“நாலு பிரேம்னு முதலாளி சொன்னது எங்காதுலயும் விழுந்துச்சுலே.”

நான் ஈரத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“மிச்சம் மூணு எங்க?”

“சாம்பல் பூத்துருச்சுக்கா.”

“அத அவகிட்டச் சொன்னா வாயி வெந்தா போகும்? பன்னெண்டாப்பு வரைக்கும் படிச்சியே, பொய்ய மட்டும் ஒண்ணாப்புலயே படிச்சிட்டியோ?”

“பயந்துட்டேன்க்கா.”

“ஓம் பயத்துக்கு நீ ஒரு பதிலச் சொல்லிட்ட. அவ பயத்துக்கு?” அவர் குரல் இறங்கியது. “நீ உள்ள இருக்கையில எங்கிட்டப் பேசிட்டு இருந்தா. அவ புருசன் சட்டையில நாலாவது பித்தான் அந்து போச்சாம். வேற பித்தான் இல்லாம, மக பழைய யூனிபாரத்துல இருந்து ஒரு பெரிய வெள்ளப் பித்தானப் பிச்சுத் தச்சு விட்டாளாம். ‘இத மாட்டிக்கிட்டு நாலு பேரு முன்னாடி எப்படிட்டீ போறது’ன்னு வஞ்சிருக்கான். ‘அப்ப போகாதீக’ன்னு இவ சொல்லியிருக்கா. அந்தச் சண்டையோட போனவந்தான் திரும்பல. அவ மொகத்தத் தேடி வரலலே. பித்தானத் தேடி வந்திருக்கா.”

அந்தத் துண்டை எடுத்து ஜன்னலில் பிடித்தேன். மூன்றாவது பிரேம் முழு உடம்பும் எடுத்தது. சாம்பலுக்குள் சட்டை இருக்கும் இடம் தெரிந்தது. பித்தான் இருக்கும் இடம் தெரியவில்லை.

சாயங்காலம் முதலாளி வந்ததும் முதலில் கேட்டது பரிசம்தான். அவர்கள் போன பிறகு கழுவிய அந்த எட்டும் நன்றாக வந்திருந்தன. “அப்ப போதும்ரா” என்றார். மற்றதையும் சொன்னேன். “ஏட்டு எழுதிட்டுப் போயிட்டாருல்ல? முடிஞ்சதப் போயி ஏன்ரா நோண்டுத?” என்றார்.

“அந்தக்கா கேட்டாக முதலாளி. நான் இல்லைன்னுட்டேன்.”

அவர் கேமரா பையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். “ரெட்டூசர் மருந்து மேல் தட்டுல இருக்கு. காலைல நான் வர லேட்டாகும். நான் எதையும் பாக்கல” என்று போய்விட்டார்.

அந்த ரெட்டூசரை நீங்களும் ஒருநாள் தொட வேண்டி வரும். சாம்பலைத் தின்னும் மருந்து அது. சாம்பலைத் தின்று முடித்ததும் படத்தைத் தின்ன ஆரம்பிக்கும். அது தின்றதை யாராலும் திருப்பி வாங்க முடியாது. எலுமிச்சைச் சாறு போல மஞ்சளாகக் கலந்து, மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் தட்டை வைத்தேன். பாத்துமா அக்கா பக்கத்தில் வாளித் தண்ணீரோடு நின்றார். மூன்றாவது பிரேமை மட்டும் தனியாக வெட்டி உள்ளே விட்டேன்.

முதலில் சாம்பல் இளகியது. முகம் இருந்த இடத்தில் லேசாக ஒரு நெற்றி தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெற்றி மங்கியது.

“மொகம் போகுதுலே, எடு” என்றார் அக்கா.

எடுக்கக் கை போனது. சட்டையின் மேல் இன்னும் சாம்பல் இருந்தது. நனைந்த பித்தான்கள் மரத்து நிழலிலும் வானத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் வாங்கியிருக்கும், அந்தப் புள்ளிகள் நெகட்டிவில் கறுப்பாக நிற்கும், கடைசியாகத்தான் போகும். முகம் முதலில் போகும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. முந்தைய நாள் இதே மாதிரி ஒரு கட்டத்தில்தான் எனக்குப் பார்த்துக்கொண்டே நிற்கத் தோன்றியது. இப்போது அப்படி நின்றாலும் கெடும், பதறி எடுத்தாலும் கெடும். வாய்விட்டு எண்ணினேன். என் குரல் எனக்கே கேட்கட்டும் என்று சத்தமாக எண்ணினேன். நெற்றி போனது. மூக்கு போனது. ஏழு என்றபோது சட்டையில் கறுப்பாக ஒரு புள்ளி எழுந்தது, அதன் கீழ் இன்னொன்று. பத்தில் எடுத்து வாளிக்குள் போட்டேன்.

முகமே இல்லாத ஒரு மனிதர். அவர் மார்பில் மேலிருந்து கீழாக ஆறு புள்ளிகள். என் கண்ணுக்கு ஒரு விதமாகப் பட்டது. ஆனால் முந்தைய நாள் என் கண்ணை நம்பித்தான் கெட்டேன். மார்பை மட்டும் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு, காயவைத்து, உறையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். வீடு மடவார் வளாகத்தில் கோயிலுக்குத் தெற்கே என்று பாத்துமா அக்கா கேட்டு வைத்திருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது.

வாசலில் ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று கல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. லீவு நாளில் வீட்டில் போடும் பழைய யூனிபாரம். பெரிய பெரிய வெள்ளைப் பித்தான்கள். நடுவில் ஒன்றுக்குப் பதில் ஊக்கு குத்தியிருந்தது.

அந்தப் பெண் வெளியே வந்தார். அடையாளம் தெரிந்து, கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, நேத்து நான் பொய் சொல்லிட்டேன். எடுத்தது நாலு படம். மூணு என் கையால கெட்டுப் போச்சு. அதுல ஒண்ணுல சட்டை மட்டும் வந்திருக்கு. மொகம் வரல.”

“நேத்தே தெரியும் தம்பி. ‘இல்லக்கா’ங்கும்போது நீ தரையப் பாத்துல்ல சொன்ன.” உறையை வாங்கினார், திறக்கவில்லை. “நீ பாத்தியா?”

“பாத்தேங்க்கா. ஆனா தச்சது நீங்க.”

மகளைக் கூப்பிட்டு மடியில் இருத்திக்கொண்டு, படிக்கட்டில் உட்கார்ந்து உறையைத் திறந்தார். ஒரு கையால் மகளின் யூனிபாரப் பித்தானைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையின் நகத்தைப் படத்தில் கழுத்துப் பக்கம் வைத்தார்.

“ஒண்ணு… ரெண்டு… மூணு…”

நகம் நின்றது. பிள்ளை என்னைப் பார்த்தது.

“நாலு” என்றார். “அஞ்சு. ஆறு.” மறுபடியும் கீழேயிருந்து மேலே எண்ணினார். “எல்லாம் சின்னப் பித்தான் தம்பி. எல்லாம் ஒண்ணுபோல இருக்கு.”

மகளின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். தோள் மட்டும் குலுங்கியது. “அப்ப எங்கதான் போனாக?” என்றும் ஒருமுறை கேட்டார், என்னிடம் அல்ல. கிளம்பலாமா என்று நான் தயங்கி நின்றபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை மறுபடி எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

“பாவம், இந்த மனுசனுக்கு ஒரு பித்தான்கூட அந்து போகல. அந்துபோனாலும் அதே மாதிரி தேடிப் பிடிச்சு யாரோ தச்சிருக்கா. அவ எங்க கெடந்து தேடுதாளோ.” உறைக்குள் போட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தார். “இதத் தூக்கிப் போட்டுராத தம்பி. அவ வருவா.”

திரும்பும் வழியில் ஸ்டேஷனில் இறங்கி ஏட்டையாவிடம் இன்னொரு பிரிண்டைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். பரிசத்தைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன். அம்மா அப்பாவை இழுத்து வைதார். வாங்கிக்கொண்டேன். வைது முடித்து, பாரத்தை எடுத்து, பித்தான் விவரத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டார். என் வேலையும் போகவில்லை. இத்தனைக்கும் பயந்துதான் ஒருத்தியை ஒரு ராத்திரி முழுக்கத் தவிக்க விட்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைத் தூரத்தில் பார்த்தேன். தலையில் பூ இருந்தது. கணவர் வந்துவிட்டாரா, இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறாரா என்று பூவைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? போய்க் கேட்கத் தைரியம் இல்லை. அந்த விஷயத்தில் நான் இன்னும் பழைய ஆள்தான்.

உங்களுக்கும் பிலிம் கெடும். கெடாத கை இந்தத் தொழிலில் கிடையாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம், கெட்டதைக் கெட்டது என்று உடனே சொல்லிவிடுங்கள். அவருக்கு எது வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். நான் முகத்தைக் காட்டினேன், அவர் பித்தானுக்கு வந்திருந்தார்.

இரும்பு பீரோவில் இரண்டாம் தட்டு, இடது ஓரம். ‘சோழபுரம் கிணறு’ என்று என் கையெழுத்தில் ஒரு பழுப்பு உறை இருக்கும். நான்கு நெகட்டிவும் அதில் இருக்கின்றன, கெட்டதும் சேர்த்துத்தான். இடம் போதவில்லை என்று பீரோவை ஒழிக்கும்போது அதை மட்டும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். யாராவது வந்து கேட்டால் நாலையும் காட்டுங்கள். மூன்று ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

அந்த ஆறு பித்தானையும் தைத்தவர் இன்னும் வரவில்லை.